பழைய எஞ்சினுக்கு என்ன ஊற்றலாம்? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். 2023 ஏப்ரலுக்கு முன்னால் வாங்கிய வண்டி என்றால் பெட்ரோல் போகிற வழியில் உள்ள ரப்பர் சாமான்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்பதுதான் அதில் சொன்னது. அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: இதோடு எதைக் கலந்தால் வண்டி பழையபடி இழுக்கும்? ஒருவர் பாச்சை உருண்டை என்கிறார், ஒருவர் ஆமணக்கு எண்ணெய், இன்னொருவர் மண்ணெண்ணெய். முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: என்னிடம் இருப்பது 1994 மாடல் ஆர்.எக்ஸ். 100. ஒரு வருடமாக இழுவை இல்லை, மைலேஜும் குறைந்துவிட்டது, மேடு ஏறினால் எஞ்சின் அனலாகக் கொதிக்கிறது. பாதிக்குப் பாதி 100 ஆக்டேன் பெட்ரோல் கலந்து ஓட்டுங்கள் என்கிறார் மெக்கானிக். கலக்கலாமா?
— ஈரோடு வாசகர்

ப: கலந்தால் கெடுதல் இல்லை, ஆனால் நீங்கள் நினைக்கிற இழுவை அதிலிருந்து வராது. ஆக்டேன் கூடினால் பவர் கூடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பிஸ்டன் மேலே வந்து நசுக்கும்போது, பிளக் பொறியின் தீ பரவி வந்து சேர்வதற்குள் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைச் சொல்கிற எண்தான் அது. கம்ப்ரஷன் அதிகமுள்ள எஞ்சினுக்கு அது தேவை. உங்கள் வண்டியின் கம்ப்ரஷன் குறைவு, 87 ஆக்டேன் பெட்ரோல் விற்ற காலத்திலேயே நாக்கிங் (பெட்ரோல் தானாகப் பற்றி எஞ்சின் கட கட என்பது) இல்லாமல் ஓடிய எஞ்சின் அது. இப்போது பம்பில் கிடைக்கும் இ20-க்கே 95 ஆக்டேன் என்றுதான் தரம் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்து நூறு ஆக்டேன் ஊற்றுவதில் உங்கள் எஞ்சினுக்கு என்ன லாபம்?

உங்கள் வண்டியின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். உங்கள் கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது எத்தனால் கலக்காத காலத்தில் போட்ட ஜெட்டின் (பெட்ரோல் வரும் சின்ன ஓட்டை) அளவுக்குத்தான் விடும். அதனால் இ20 ஊற்றும்போது கலவை ஏறக்குறைய 7 சதவீதம் மெலிந்துவிடுகிறது (காற்று அதிகம், எரிபொருள் குறைவு), மெலிந்த கலவை சூடாக எரியும், இழுக்காது. மைலேஜ் குறைவதும் கணக்குப்படிதான்: எத்தனாலில் உள்ள வெப்பம் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த இருசக்கர வண்டிகளில் இ20 போட்டால் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று சொல்கிறது. உங்களுக்கு அதற்கு மேல் குறைந்திருந்தால் பழி முழுவதையும் பெட்ரோல் மேல் போடாதீர்கள்.

முதலில் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் மேனிஃபோல்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். முப்பது வருட ரப்பரில் உள்பக்கம் மயிரிழை வெடிப்பு இருக்கும், மாட்டிய நிலையில் கண்ணுக்குத் தெரியாது, வளைத்தால்தான் வாய் திறக்கும். அந்த வழியாகக் காற்று புகுந்தால் நீங்கள் எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் கலவை மெலிந்துதான் இருக்கும். அடுத்தது மேக்னெட் பக்கத்து கிராங்க் ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தச் சீல் கசிந்தாலும் காற்றுதான் உள்ளே வரும். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், அப்புறம் காய்ந்தால் விறைக்கவைக்கும், அதனால் இந்த இரண்டையும் மாற்றும்போதே பெட்ரோல் டியூப், காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) வாஷர், ஃப்ளோட் பவுல் ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரகத்தில் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் ஜெட். மெயின் ஜெட்டில் ஒரு அளவு மட்டும் கூட்டுங்கள். காலியான சாலையில் முக்கால் திராட்டிலில் ஒரு கிலோமீட்டர் போய், அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரமாக நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் கலரில் இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் இன்னும் மெலிவு, இன்னொரு அளவு கூட்ட வேண்டும். எத்தனால் கொஞ்சம் சுத்தமாக எரியும் என்பதால் பழைய நாட்களைவிடக் கலர் வெளுத்துத்தான் தெரியும், அதை மட்டும் மனதில் வையுங்கள். ஒரே நாளில் ஜெட், பிளக், ஏர் ஸ்க்ரூ மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். ஒன்றை மாற்றி, இரண்டு டேங்க் பெட்ரோல் ஓட்டி, கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கே: பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்துவிட்டு, மேலே நிற்கும் சுத்தப் பெட்ரோலை மட்டும் என் பழைய யெஸ்டிக்கு ஊற்றலாம் என்று நண்பன் சொல்கிறான். செய்து பார்க்கலாமா?
— மதுரை வாசகர்

ப: சோதித்துப் பார்ப்பதற்குச் செய்யுங்கள், ஓட்டுவதற்குச் செய்யாதீர்கள். 100 மில்லி அளவு ஜாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளி ஆய்வகத்தில் இருக்குமே அந்த ஜாடிதான். 10 கோடு வரை தண்ணீர், அதன் மேல் 100 கோடு வரை பெட்ரோல், மூடி குலுக்கி, மூடியை மெதுவாகத் திறந்து காற்றை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கீழே தனியாக நிற்கும், ஆனால் 10 கோட்டில் நிற்காது. இ10 என்றால் 19-ஐ ஒட்டியும், இ20 என்றால் 27, 28-ஐ ஒட்டியும் ஏறியிருக்கும். பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். உங்கள் பம்பில் என்ன ஊற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அதிக விலைப் பெட்ரோலில் எத்தனால் உண்டா இல்லையா என்ற சண்டையையும் இந்த ஜாடியிலேயே முடித்துக்கொள்ளலாம். திறந்த வெளியில், அடுப்பும் சுவிட்சும் இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

மேலே நிற்பதை ஏன் ஊற்றக்கூடாது? எத்தனால் சேர்ந்தால் ஆக்டேன் ஏறும் என்று கணக்குப் போட்டுத்தான் சுத்திகரிப்பு ஆலையில் அடிப்படைப் பெட்ரோலைத் தயாரிக்கிறார்கள். எத்தனாலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த சரக்கு, அதில் கொஞ்சம் ஈரமும் தங்கியிருக்கும். யெஸ்டிக்கு ஆக்டேன் பெரிய பிரச்சினை இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பத்து லிட்டர் பெட்ரோலை வீட்டுப் பின்கட்டில் குடத்தில் குலுக்குவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். தவிர, அந்தக் கழுவிய தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? அதில் சாராயமும் பெட்ரோலும் கலந்திருக்கிறது, தீப்பிடிக்கும், மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்குப் போகும். ரப்பரையும் ஜெட்டையும் மாற்றுவது இதைவிடச் சுலபமான வேலை.

கே: பாச்சை உருண்டை, தின்னர், அசிட்டோன்... இதில் எது நல்லது?
— திருவாரூர் வாசகர்

ப: மூன்றும் வேண்டாம். பாச்சை உருண்டை என்பது முன்பு நாஃப்தலீன், அது பெட்ரோலில் கரையும், குளிர்ந்தால் ஜெட் ஓட்டையில் மறுபடி படிந்து அடைக்கும். இப்போது கடையில் கிடைக்கும் உருண்டைகள் சில வேறு சரக்கு, அதில் குளோரின் இருக்கிறது, எரிந்தால் அமிலம் உண்டாகி சிலிண்டரையும் சைலன்சரையும் அரிக்கும். அசிட்டோன் நேராக ரப்பரைத் தின்னும். தின்னரில் உள்ள டொலுயீனுக்கு உண்மையிலேயே ஆக்டேன் அதிகம், 1988-ல் ஹோண்டாவின் ஃபார்முலா 1 டர்போ எஞ்சின் 84 சதவீதம் டொலுயீன் கலந்த எரிபொருளில் ஓடியது, இந்தப் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் பெயின்ட் கடைத் தின்னர் சுத்த டொலுயீன் இல்லை, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று டின்னில் எழுதியிருப்பதும் இல்லை.

கே: டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு 2டி ஆயிலுக்குப் பதில் ஆமணக்கு எண்ணெய் கலந்தால் ரேஸ் வண்டி மாதிரி ஓடும் என்கிறார்களே? எங்கள் பக்கம் ஆமணக்கு நிறைய விளைகிறது.
— ஆத்தூர் வாசகர்

ப: இதில் உண்மை இருக்கிறது. சூட்டில் ஆமணக்கு எண்ணெய் போலப் படலம் தாங்கும் எண்ணெய்கள் குறைவு, பழைய காலத்து விமான எஞ்சின்களும் ரேஸ் வண்டிகளும் அதில்தான் ஓடின. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்த ரேஸ் எஞ்சின்களை ஓட்டம் முடிந்ததும் பிரித்துத் துடைத்து வைத்துவிடுவார்கள். நான் இருபத்தைந்து வயதில் ஒரு பழைய ஸ்கூட்டரில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் அருமையாக ஓடியது, புகை வாசனைக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்புறம் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து கிக்கரை மிதித்தால் இறங்கவே இல்லை. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் ரிங் அதன் பள்ளத்தில் வார்னிஷ் அடித்த மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது, மரக்குச்சியால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது.

இன்னொன்று, ஆமணக்கு எண்ணெய் சாராயத்தில் நன்றாகக் கரையும், பெட்ரோலில் அவ்வளவாகக் கரையாது. வண்டியை நிறுத்தி வைத்தால் அடியில் தங்கும். செக்கு எண்ணெயில் பிசினும் ஈரமும் வேறு இருக்கும். நல்ல 2டி ஆயிலை லிட்டருக்கு 20 மில்லி, அல்லது உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு ஊற்றுங்கள். பாதுகாப்புக்கு என்று இரண்டு பங்கு ஆயில் ஊற்றுகிறவர்களும் உண்டு. ஜெட் வழியாக வருவதில் ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும், கலவை இன்னும் மெலியும், அதை மறந்துவிடுகிறார்கள்.

கே: 90-களில் பெட்ரோல் தடை இருந்த காலம் எங்கள் அப்பா தன்னுடைய ஹொண்டா சி 90-ஐ மண்ணெண்ணெயிலேயே ஓட்டினவர். சிறு போத்தலில் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருந்து, சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணுவார், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அதே மோட்டார் சைக்கிள் இன்னும் வீட்டில் இருக்கிறது. அப்போது ஓடியது என்றால் இப்போது பெட்ரோலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் என்ன பிழை?
— யாழ்ப்பாணம் வாசகர்

ப: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேறு வழியே இல்லாத நாட்களில் ஒரு ஊரே கற்றுக்கொண்ட வித்தை அது. அதில் இருந்த எஞ்சின் அறிவு சாதாரணமானது இல்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, அதனால்தான் அப்பா பெட்ரோல் சொட்டு விட்டு எஞ்சினைச் சூடாக்கினார். சிலிண்டரும் ஹெட்டும் கொதிக்கத் தொடங்கியபின் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். எங்கள் பக்கத்து வயல்களில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் பம்ப்செட்டுகள் இருந்தன, ஃபோர்ட்சன் டிராக்டரும் இதே முறைதான், அதில் சைலன்சர் சூட்டிலேயே மண்ணெண்ணெயை ஆவியாக்க ஒரு அறை வைத்திருந்தார்கள். ஆனால் அந்த எஞ்சின்களின் கம்ப்ரஷனை வேண்டுமென்றே குறைத்து வைத்துக் கட்டியிருந்தார்கள், ஏனென்றால் மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகவும் தாழ்ந்தது. சி 90 பெட்ரோலுக்கென்று கட்டிய எஞ்சின். அது மண்ணெண்ணெயில் ஓடும்போது கட கட என்று ஒரு சத்தம் வந்திருக்குமே, அப்பாவுக்கு நிச்சயம் நினைவிருக்கும், அதுதான் நாக்கிங். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போன்றது.

அதைவிடப் பெரிய கெடுதல் சத்தமில்லாமல் நடக்கும். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தால் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும், ஆயில் அளவும் ஊற்றாமலே ஏறியிருக்கும், விரலில் தேய்த்தால் தண்ணீராக ஓடும். அந்த ஆயிலில் கிராங்கும் கேமும் தேயும். பத்துக்கு ஒன்று கலந்தாலும் இதே வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். இன்றைக்குப் பெட்ரோல் கிடைக்கிறது, அந்த எஞ்சினை இனி வருத்த வேண்டாம். முடிந்தால் ஒருமுறை ஹெட்டைத் திறந்து கரியைச் சுத்தம் செய்து, வால்வை அரைத்துப் போட்டு, ஆயிலை மாற்றுங்கள். அந்த நாட்களில் எப்படி ஓட்டினார், என்னென்ன செய்தார் என்று அப்பா நல்லபடி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். இடம் இருந்தால் இந்தப் பகுதியிலேயே போடுகிறோம்.

கே: வீட்டில் தாத்தா காலத்து அம்பாசடர் இருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதிலிருந்து வால்வு போகிறது என்கிறார்கள். ஈயத்துக்குப் பதிலாக ஏதாவது கலக்க முடியுமா? கோடையில் வண்டி நடுவழியில் நின்றும் விடுகிறது.
— காரைக்குடி வாசகர்

ப: நாக்கிங்கைத் தடுக்க 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்துக் கலந்ததுதான் ஈயம். எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் அது ஒரு மெல்லிய பூச்சாகவும் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. குழந்தைகளின் மூளைக்கு அது செய்த கேடு தெரிந்தபின் ஒவ்வொரு நாடாக நிறுத்தினார்கள், இந்தியாவில் 2000 பிப்ரவரி 1-லிருந்து முழுக்க இல்லை. நிறுத்தியது மிக நல்ல காரியம். உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின் என்றால் ஹெட்டிலேயே கடைந்த வார்ப்பிரும்பு சீட்தான் இருக்கும். அது தேய்ந்தால் டேப்பெட் கேப் (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி) அதிகமாகாது, குறைந்துகொண்டே வரும். வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையார்பட்டி வரை மெதுவாகப் போய் வருகிற வண்டிக்கு இது பல வருடம் எடுக்கும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கேப் பார்த்து எழுதி வாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே வால்வில் குறைந்தால், ஹெட்டைக் கழற்றும்போது கெட்டியான சீட் ரிங் அடித்துவிடலாம். அதற்குப் பிறகு எதையும் கலக்கத் தேவையில்லை.

கோடையில் நிற்பது வேறு கதை. எஞ்சின் பக்கவாட்டிலேயே திருகியிருக்கும் மெக்கானிக்கல் பம்பு சூடேறி, அதற்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். அந்தக் கால டிரைவர்கள் பம்பு மேல் ஈரத்துணி சுற்றுவார்களே, அது இன்றைக்கும் வேலை செய்யும். ஆனால் முக்கியமாகச் செய்ய வேண்டியது, அந்தப் பம்பின் டயாஃப்ரத்தை மாற்றுவது. பழைய டயாஃப்ரம் எத்தனாலில் ஊறிக் கிழிந்தால் பெட்ரோல் நேராக எஞ்சின் ஆயிலுக்குள் போகும், அது தீ விபத்து வரை கொண்டுபோகும். ஆயிலில் பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கே வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

கே: பவர் டில்லருக்கு டீசலோடு புங்க எண்ணெய் கலக்கலாமா?
— தருமபுரி வாசகர்

ப: 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உடுப்பி ஸ்ரீநிவாசா, கர்நாடகக் கிராமங்களில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர்களை ஓட்டினார். ஆகவே ஓடும். ஆனால் புங்க எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. ஒரே வேகத்தில், நல்ல லோடில், சூடாக ஓடும் ஜெனரேட்டர் அதைச் சமாளிக்கும். வயலில் நின்று நின்று ஓடும் டில்லர் சமாளிக்காது, இன்ஜெக்டர் நுனியில் கரி கட்டும், ரிங் ஒட்டும். வீட்டில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் வைத்துப் பயோடீசல் காய்ச்சும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மெத்தனால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

கே: மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த டி.வி.எஸ். 50, ஸ்டார்ட் ஆகி நூறு அடி போய் நின்றுவிடுகிறது. புதுப் பெட்ரோலை மேலே ஊற்றிக் கலந்தும் பார்த்துவிட்டேன்.
— சீர்காழி வாசகர்

ப: மேலே ஊற்றிக் கலப்பதை உடனே நிறுத்துங்கள், கிக் அடிப்பதையும் நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் டேங்க் மூடி வழியாக மழைநீர் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் போதும், ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகக் கீழே பிரிந்துவிடும். காக் உறிஞ்சுவது அடியிலிருந்து. நீங்கள் கலந்த 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும், கீழே போகிற சரக்கில் ஆயிலே இருக்காது. இப்படியே இன்னும் நான்கு முறை ஓட்டிப் பார்த்தால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

டியூபைக் கழற்றி, டேங்கில் இருப்பது முழுவதையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் இறக்குங்கள். அடியில் தனிக் கோடு தெரிந்தால் நான் சொன்னது சரி. டேங்கைப் புதுப் பெட்ரோல் அரை லிட்டர் விட்டு அலசி, வெயிலில் திறந்து காயவையுங்கள். ஃப்ளோட் பவுலைக் கழற்றினால் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி படிந்திருக்கும், அதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாமல் காற்றடித்து மட்டும் சுத்தம் செய்யுங்கள். அடுத்த மழைக்கு நிறுத்தும்போது பெட்ரோல் காக்கைத் திருகி மூடிவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.